இரண்டு என்று வந்த அறிக்கை: ஒரு குடும்பத்தில் ஒடுங்கு மரபணு ஒளிந்திருந்த விதம்

இங்கே வரும் குடும்பம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பம் இல்லை. மரபியல் ஆலோசனைக்கு வருவோரிடம் காணக்கூடிய சூழல்களைச் சேர்த்து, கணக்கைச் சொல்லித் தருவதற்காக நான் கட்டிக்கொண்டது. ஆட்கள் கற்பனை. நோய், அது இறங்கும் விதம், பரிசோதனை தரக்கூடிய விடைகள் ஆகியவை கற்பனை இல்லை. யாருக்கும் பெயர் வைக்கவில்லை. இந்தக் கணக்கில் ஒருவர் மற்றவருக்கு என்ன உறவு என்பதே எண்ணாக மாறுகிறது, பெயர் தேவைப்படவில்லை.

வந்தவர்கள்

இருபத்தெட்டு வயதுப் பெண், எட்டு வாரக் கர்ப்பிணி. உடன் வந்த கணவர் அவருடைய தாய்மாமன் மகன். நான்கு வயதில் ஒரு மகள். உரிய காலத்தில் உட்கார்ந்து, நடந்து, இப்போது ஓடியாடுகிறாள். கணவனும் மனைவியும் நலமாக இருக்கிறார்கள்.

பெண்ணுக்கு ஒரு தம்பி இருந்தான். அவருக்கு ஆறு வயதானபோது அந்தக் குழந்தை எட்டாவது மாதத்தில் இறந்துவிட்டது. தாயின் நினைவில் இருப்பவை துல்லியமானவை: கைகால்கள் துவண்டு கிடக்கும், தலை நிற்கவே இல்லை, மூச்சை வயிறு இழுக்கும், ஆனால் முகம் மட்டும் பளிச்சென்று ஆட்களைப் பார்த்துச் சிரிக்கும். பழைய மருத்துவக் குறிப்பில் தசையின் மின்சோதனையையும் தசைத் திசு ஆய்வையும் வைத்து ‘எஸ்எம்ஏ, முதல் வகை’ என்று எழுதியிருந்தது. டிஎன்ஏ பரிசோதனை செய்யப்படவில்லை. குழந்தையின் மாதிரி எதுவும் சேமித்து வைக்கப்படவும் இல்லை. தந்தை சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார்.

“முதல் பிரசவத்தின்போதே கேட்டேன். நீங்கள் இருவரும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்” என்றார் அந்தப் பெண்.

அந்தப் பதிலில் உள்ள பிழையே ஒடுங்கு நோய்களின் இலக்கணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே தோன்றும் நோய்கள் அவை. பெற்றோர் நன்றாக இருப்பது இந்த வகை நோய்க்கு எதிரான சாட்சியம் ஆகாது. நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஏறத்தாழ எல்லோருமே நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஏடுகள்

எஸ்எம்ஏ என்பது முதுகுத்தண்டில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் நோய். அதன் முதல் வகை ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். சிகிச்சை இல்லாத காலத்தில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டவில்லை. காரணமான மரபணு 5ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எஸ்எம்என்1 என்று பெயர். 1995இல் பாரிஸில் ஜூடித் மெல்கியின் குழு அதைக் கண்டறிந்தது. பக்கத்திலேயே எஸ்எம்என்2 என்று ஏறத்தாழ அதே வாசகம் கொண்ட இன்னொன்று உண்டு. முக்கியமான இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் அது தரும் புரதத்தில் பெரும்பகுதி அரைகுறையானது. அதன் பிரதிகள் கூடினால் நோயின் கடுமை குறையும். ஆனால் எஸ்எம்என்1 அறவே இல்லாத குறையை அதனால் முழுவதும் ஈடுகட்ட முடியாது.

குரோமோசோமின் இந்தப் பகுதியை ஒரு பனையோலை ஏடாக எண்ணிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. ஒரே மாதிரியான வரிகள் அடுத்தடுத்து வரும் ஏட்டைப் படியெடுக்கும்போது கண் வரி தவறினால் என்ன ஆகும்? ஒரு வரி விடுபடும், அல்லது ஒரே வரி இருமுறை விழும். இந்தப் பகுதியில் நடப்பதும் அதைப் போன்றதே. தாய் தந்தை வழியாக வந்த இரண்டு குரோமோசோம்கள் பரிமாறிக்கொள்ளும் நேரத்தில் நேர்வரிசை பிசகினால் ஒன்று மரபணுவை இழக்கிறது, மற்றொன்றில் அது இரண்டாகிவிடுகிறது. எனவே உலகில் முக்கியமாக மூன்று வகை ஏடுகள் உலவுகின்றன: மரபணு இல்லாத வெற்று ஏடு, ஒன்று உள்ள ஒற்றை ஏடு, இரண்டு உள்ள இரட்டை ஏடு. ஒவ்வொருவரிடமும் தாய் தந்த ஓர் ஏடும் தந்தை தந்த ஓர் ஏடும் இருக்கும். இரண்டும் வெற்றாக இருந்தால் நோய். ஒன்று மட்டும் வெற்று என்றால் நோய் இல்லை, ஆனால் அவர் கடத்தி.

நோயுற்றோரில் 100க்குச் சுமார் 95 பேரிடம் இரண்டு ஏடுகளும் வெற்று. மீதிப் பேரில் பெரும்பாலோரிடம் ஓர் ஏடு வெற்று. மற்றொன்றில் மரபணு இருக்கும், ஆனால் எழுத்துப் பிழையால் பயன்படாது. அவர்களை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். ஓரிடத்தில் மட்டும் திரும்பி வருவார்கள்.

பரிசோதனைக்கூடம் செய்வது எண்ணுவது. ஒருவரிடம் எஸ்எம்என்1 மொத்தம் எத்தனை என்று அது சொல்லும். அந்த எண்ணிக்கை இரண்டு ஏடுகளில் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று சொல்லாது. இந்தக் குடும்பத்தின் கதை முழுவதும் அந்த ஒரு குறைபாட்டுக்குள்தான் நடக்கிறது.

இரத்தம் எடுப்பதற்கு முன்

கொடிவழிப் படத்தை வரைந்ததும் முதலில் எழுத வேண்டிய எண், அந்தப் பெண் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு. மாணவர்களிடம் கேட்டால் பாதி என்ற விடை உடனே வரும். கடத்திகளான பெற்றோருக்குப் பிறப்போரில் நான்கில் ஒருவர் நோயாளி, இருவர் கடத்தி, ஒருவர் எதுவும் இல்லாதவர். ஆகவே பாதி என்று வாதிப்பார்கள். ஆனால் இவர் நம் எதிரில் இருபத்தெட்டு வயதில் நலமாக உட்கார்ந்திருக்கிறார். நான்கில் நோயாளிக்கு உரிய கட்டம் இவருக்கு ஏற்கெனவே அடிபட்டுவிட்டது. மிஞ்சிய மூன்று கட்டங்களில் இரண்டு கடத்திக்கு உரியவை. விடை 2/3.

இதை முதலில் எண்ணிக் காட்டியவர் மெண்டல். 1866இல் வெளிவந்த பட்டாணி ஆய்வுக் கட்டுரையில் உருண்டை விதை, சுருங்கிய விதைக் கணக்கு எல்லோரும் அறிந்தது. அதற்கு அடுத்த படியைப் பாடப்புத்தகங்கள் வேகமாகத் தாண்டிவிடுகின்றன. கலப்பினச் செடிகள் தந்த உருண்டை விதைகளை மட்டும் எடுத்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் உருண்டையும் சுருங்கியதுமாகத் தந்தன. வெளித்தோற்றத்தில் குறையில்லாத 565இல் 372 ஒளித்து வைத்திருந்தன. மூன்றில் இரண்டுக்கு மிக அருகில். நோயாளியின் நலமான உடன்பிறப்புக்கு நாம் இன்று எழுதும் எண் அந்தத் தோட்டத்திலிருந்து வந்தது.

அடுத்து கணவர். இங்கே கொடியில் ஏறி இறங்க வேண்டும். இறந்த குழந்தையின் தாய் கடத்தி என்று கொள்வோம். அவருக்கு அந்த வெற்று ஏடு தம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். அதே ஏடு அவருடைய அண்ணனுக்கும் போயிருக்கும் வாய்ப்பு 1/2. அண்ணனிடமிருந்து அவர் மகனுக்கு வந்திருக்கும் வாய்ப்பு அதிலும் பாதி, 1/4. கணவரின் தாய் வெளிக்குடும்பத்தவர்; அவர் வழியாக வெற்று ஏடு வரும் வாய்ப்பு மிகச் சிறியது என்பதால் இப்போது விட்டுவிடலாம்.

இருவரும் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 2/3 × 1/4, அதாவது 1/6. அப்படி இருந்து பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு அதில் 1/4. ஆக 1/24.

இந்த எண்ணுக்கு அளவுகோல் வேண்டும். எஸ்எம்ஏ சுமார் 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று கொண்டால், நோயாளிகளின் விகிதத்திலிருந்து கடத்திகளின் விகிதத்தைக் கணிக்க 1908இல் ஹார்டியும் வைன்பெர்கும் தனித்தனியே காட்டிய சமன்பாட்டின்படி பொதுமக்களில் சுமார் 50 பேருக்கு ஒருவர் கடத்தி. இந்தப் பெண் உறவில்லாத ஒருவரை மணந்திருந்தால் 2/3 × 1/50 × 1/4, அதாவது 1/300. குடும்பத்தில் யாருக்கும் நோய் வந்திராத அத்தை மகன், மாமன் மகள் இணைக்கு இந்த ஒரு நோயில் சுமார் 1/1,400. ஒடுங்கு நோய் வந்த குடும்பங்களில் பெற்றோர் அடிக்கடி இரத்த உறவினராக இருப்பதை 1902இலேயே ஆங்கிலேய மருத்துவர் ஆர்க்கிபால்ட் காரட், சிறுநீர் கறுக்கும் ஒரு நோயைப் பற்றிய தம் கட்டுரையில் குறித்துவிட்டார். உறவு புதிதாக எந்த மரபணுவையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே குடும்பத்தில் இருக்கும் ஒரே ஏட்டின் இரண்டு படிகள் ஒரு பிள்ளையிடம் வந்து சேரும் வழியைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். நோயாளி ஒருவர் கொடிவழியில் இருக்கும்போது அந்த வழி அகலமாகிவிடுகிறது: 1/300 என்பது 1/24 ஆகிறது.

கணவர் இந்த இடத்தில் கேட்டார்: “மூத்தவள் தப்பிவிட்டாள். நான்கில் ஒன்று என்றால், அது இப்போது இந்தப் பிள்ளையின் மேல் விழுமோ?”

பலரும் வாய்விட்டுக் கேட்காமல் மனத்தில் சுமந்துகொண்டு போகிற கேள்வி இது. ஒவ்வொரு கருவுக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. மூத்தவளின் அதிர்ஷ்டம் இளையதின் பங்கைத் தின்றுவிடாது. ஆனால் மூத்தவள் வேறொரு வகையில் கணக்குக்குள் வருகிறாள். அவள் பெற்றோரைப் பற்றிய சாட்சி. இதே நிலையில் 24 இணைகளை எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு இணைகளில் இருவரும் கடத்தி. இருபதில் அப்படி இல்லை. அந்த நான்கு இணைகளின் முதல் பிள்ளைகளில் ஒன்று நோயுடன் பிறக்கும், மூன்று நலமாகப் பிறக்கும். முதல் பிள்ளை நலமாக உள்ள இணைகள் மொத்தம் 23. அவற்றில் 3 இணைகளில்தான் இருவரும் கடத்தி. எனவே 1/6 என்பது 3/23 ஆகக் குறைகிறது. இந்தக் கருவுக்கான எண் 3/92, சுமார் 31இல் ஒன்று. எஸ்எம்ஏவின் இலேசான வகைகள் தாமதமாகவும் தொடங்கக்கூடும் என்பதால் நான்கு வயதுச் சாட்சியம் முழுமையானது இல்லை. தம்பிக்கு வந்த கடுமையான வகையைப் பொறுத்தவரை போதுமானது.

கணவருக்கு இதில் ஆறுதல் கிடைத்தது. பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. “முப்பத்தொன்றில் ஒன்று என்றால் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை” என்றார். நியாயமான பதில்தான்.

முதல் அறிக்கைகள்

முதலில் சோதிக்க வேண்டியது கர்ப்பிணியை என்று தோன்றும். ஆனால் அவருடைய தாயின் இரத்தமும் அதே நாளில் எடுக்கப்பட்டது. காரணம் இரண்டு. நோயுற்ற பிள்ளைகளில் சுமார் 2 விழுக்காட்டினரிடம் ஒரு வெற்று ஏடு பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாக உண்டாகியிருக்கும். அப்படியானால் தாயின் கொடியில் தேடுவதே வீண். மற்றொன்று, முன்பு ஒதுக்கி வைத்த எழுத்துப் பிழை. தாயிடம் இருப்பது பிழையுள்ள ஏடு என்றால் எண்ணும் சோதனை அதை ஒற்றை ஏடு என்றே கணக்கிட்டுவிடும். குடும்பம் முழுவதற்கும் தவறான நிம்மதி கிடைக்கும். எந்தப் பிழையைத் தேடுகிறோம் என்று நிச்சயித்துக்கொள்ளாமல் உறவினர்களை எண்ணிக்கொண்டே போவதில் பயனில்லை.

தாய்க்கு 1. கர்ப்பிணிக்கும் 1. இருவரும் கடத்தி. 2/3 என்பது இப்போது முழு ஒன்றாகிவிட்டது.

கணவருக்கு 2.

கணவரின் அறிக்கையில் ‘கடத்தி அல்லர்’ என்று எழுதி, அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. குடும்பம் மேலே உள்ள வரியைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டது. கீழே உள்ள வரி சொன்னது: இரண்டு பிரதிகளும் ஒரே ஏட்டில் இருந்தால் இந்தச் சோதனையால் கண்டறிய முடியாது. அதாவது ஓர் இரட்டை ஏடும் ஒரு வெற்று ஏடும் சேர்ந்தாலும் கூட்டுத்தொகை இரண்டுதான். மருத்துவர்கள் இவர்களை மறைந்த கடத்தி என்கிறார்கள்.

இது எவ்வளவு அரிது என்பது யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் அறிக்கையை அச்சடித்த கூடத்துக்கும் கொடிவழியை வரைந்தவருக்கும் பார்வை பிரிகிறது. இரட்டை ஏடு எத்தனை விழுக்காடு என்பது மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். கணக்குக்காக 100 ஏடுகளில் 4 என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தில் நோயே இல்லாத ஒருவருக்கு 2 என்று வந்தால் அவர் மறைந்த கடத்தியாக இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அவரிடம் அறிக்கையின் மேல்வரியை மட்டும் படித்துக் காட்டி அனுப்பினாலும் பெரிய குற்றமில்லை.

இந்தக் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை. இவர் நிலையில் 4,000 ஆண்களை எண்ணுவோம். 1,000 பேருக்குத் தந்தையிடமிருந்து வெற்று ஏடு வந்திருக்கும். அந்த 1,000 பேரில் தாய் இரட்டை ஏட்டைத் தந்தவர்களுக்கு மட்டுமே அறிக்கை 2 என்று வரும். அவர்கள் 40 பேர். வெற்று ஏடு வராத 3,000 பேரில் சுமார் 2,700 பேருக்கு 2 என்று வரும். ஆக 2 என்ற அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் 2,740 பேரில் 40 பேர் மறைந்த கடத்திகள். அந்த 40 பேரின் மனைவியும் கடத்தி என்பதால் மூத்த பிள்ளை நலமாக இருப்போர் 30 பேர்தான். 2,730இல் 30, அதாவது 91இல் ஒன்று. பிள்ளைக்கு அதில் நான்கில் ஒன்று: 1/364.

ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்பதும் 91இல் ஒன்று என்பதும் ஒரே எழுத்துகள் அச்சடித்த ஒரே மாதிரியான தாளிலிருந்து வருகின்றன.

மாமாவும் அத்தையும்

1/364 போதாதா? இந்த இடத்தில் நிறுத்துவதே நடைமுறை என்று சொல்வோர் உண்டு. கருவைச் சோதிக்கச் சிறு அளவு திசு எடுப்பதில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு இருக்கிறது. அந்த அபாயத்துடன் ஒப்பிட்டால் 1/364க்காக ஊசி போடத் தயங்குவது இயல்பு. நானாக இருந்தாலும் அந்த எண்ணை வைத்து மட்டும் திசுச் சோதனைக்கு வற்புறுத்தியிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த 1/364க்குள் இரண்டு ஊகங்கள் இருந்தன. இரண்டுக்கும் உயிருள்ள ஆட்கள் இருந்தார்கள். கணவரின் தந்தை கடத்தியா என்பது பாதிக்குப் பாதி என்று விட்டிருந்தோம். கணவரின் தாயிடம் இரட்டை ஏடு உண்டா என்பதற்குப் பொதுமக்கள் கணக்கைப் போட்டிருந்தோம். இரண்டுக்கும் இரண்டு குழாய் இரத்தம் போதும். இரத்தம் எடுப்பதில் கருவுக்கு எந்த அபாயமும் இல்லை.

பத்தாவது வாரத்தின் முடிவில் அறிக்கைகள் வந்தன. மாமாவுக்கு 1. அத்தைக்கு 3.

பெண் முதலில் அத்தையின் எண்ணைத்தான் பார்த்தார். “அத்தைக்கு ஒன்று கூடுதலாகவே இருக்கிறதே. அது நல்லதுதானே?”

அத்தையின் உடலுக்கு அதனால் கெடுதல் எதுவும் இல்லை. மகனின் அறிக்கையை வாசிப்பதற்குத்தான் அந்தக் கூடுதல் ஒன்று தொல்லை. 3 என்றால் அவரிடம் ஓர் இரட்டை ஏடும் ஓர் ஒற்றை ஏடும் இருக்கின்றன. வேறு விதமாகப் பிரிவது மிகமிக அரிது. மாமாவிடம் ஓர் ஒற்றை ஏடும் ஒரு வெற்று ஏடும். இவர்களின் மகனுக்கு 2 என்று வர இரண்டே வழிகள். தந்தையின் ஒற்றை ஏடும் தாயின் ஒற்றை ஏடும் வந்திருக்கலாம்: இதற்கு வாய்ப்பு 1/4. அல்லது தந்தையின் வெற்று ஏடும் தாயின் இரட்டை ஏடும் வந்திருக்கலாம்: இதற்கும் 1/4. இரண்டும் சமம். மூத்த மகளின் சாட்சியத்தையும் சேர்த்தால் கணவர் மறைந்த கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 3/7. இந்தக் கருவுக்கு நோய் வரும் வாய்ப்பு 3/28, அதாவது ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று.

முந்தைய வாரம் 364இல் ஒன்று. இந்த வாரம் ஒன்பதில் ஒன்று.

கணவருக்குக் கோபம் வந்தது. “சோதனை தவறா, கணக்கு தவறா?” என்றார். இரண்டும் சரிதான் என்ற பதில் யாருக்கும் பிடிக்காது. 1/24, 1/31, 1/364, 3/28 என்று நான்கு எண்களைச் சொன்ன அந்த வாரங்களில் அவர் உடலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவர் கருவானபோதே எந்த ஏடுகள் வந்தனவோ அவைதான் இப்போதும் இருக்கின்றன. மாறிக்கொண்டே வந்தது வெளியிலிருந்து பார்க்கும் நம்முடைய அறிவு மட்டுமே. இதை அவரிடம் சொல்லலாம். ஆனால் சொன்னதும் ஒருவர் சமாதானமாகிவிடுவார் என்று எதிர்பார்ப்பது ஆலோசகர்களின் பேராசை.

மூத்த மகளின் இரத்தத்தை எண்ணிப் பார்த்தால் என்ன என்று மாமா கேட்டார். கூர்மையான யோசனை. அவளுக்கு 3 என்று வந்தால் தந்தை இரட்டை ஏட்டைத் தந்தார் என்று அங்கேயே விளங்கிவிடும். 1 அல்லது 2 என்று வந்தால் எதுவும் முடிவாகாது. அதைவிடப் பெரிய தடை: நலமாக இருக்கும் சிறுபிள்ளை கடத்தியா என்று பார்ப்பதை, அவள் வளர்ந்து தானே முடிவெடுக்கும் வயது வரை தள்ளிவைப்பதே மரபியல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். பெற்றோரின் ஐயத்தைத் தீர்க்க அவளுடைய இரகசியத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டியதில்லை என்று முடிவானது. எப்படிப் பார்த்தாலும் கேள்வி கருவைப் பற்றியது. அதற்குக் கருவிடம்தான் கேட்க வேண்டும்.

கருவின் அறிக்கை

பதினோராம் வாரம் முடிந்ததும் நஞ்சுக்கொடியின் திசுவிலிருந்து சிறு மாதிரி எடுக்கப்பட்டது. முடிவு வருவதற்கு முன்பே, வந்தால் என்ன செய்வோம் என்று பேசிவைப்பது நல்லது. அறிக்கை கைக்கு வந்த பிறகு யாருக்கும் நிதானம் இருக்காது. இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பேச்சு ஒரே திசையில்தான் போயிருக்கும். 2016இல் நுசினெர்சன் என்ற எஸ்எம்ஏ மருந்து, 2019இல் ஒருமுறை செலுத்தும் மரபணு சிகிச்சை, 2020இல் வாய்வழி மருந்தான ரிஸ்டிப்லாம் ஆகியவை அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அறிகுறி தோன்றும் முன்பே தொடங்கினால் இவற்றின் பலன் மிகவும் கூடுதல். எனவே கருவில் தெரிந்துகொள்வது, கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற முடிவுக்கு மட்டும் பயன்படுவதில்லை. பிறந்த சில நாட்களிலேயே மருந்து தொடங்க ஏற்பாடு செய்யவும் பயன்படுகிறது. இந்த இணை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது தேவைப்படாமலே போயிற்று.

கருவுக்கு வரக்கூடிய எண்கள் நான்கு. 0 என்றால் நோய். 1 அல்லது 2 என்றால் நோய் இல்லை, ஆனால் தந்தையின் ஏடுகள் எப்படிப் பிரிந்துள்ளன என்ற கேள்வி திறந்தே இருக்கும். 3 என்றால் நோயும் இல்லை, கேள்வியும் இல்லை.

தாயின் அணுக்கள் மாதிரியில் கலக்கவில்லை என்று உறுதி செய்த பிறகு எண் வந்தது. 3.

குழந்தை நலம். அது கடத்திகூட இல்லை. தாய் தரக்கூடியது அதிகபட்சம் ஒன்று. ஆகவே மீதி இரண்டையும் தந்தையின் ஓர் ஏடுதான் தந்திருக்க வேண்டும். அப்படியானால் அவருடைய மற்றோர் ஏட்டில் எதுவும் இல்லை. இந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை அச்சத்தை முழுவதும் நீக்கிய அதே எண், ‘கடத்தி அல்லர்’ என்று அச்சிட்ட தாளைப் பொய்யாக்கிவிட்டது. இனி ஒரு கரு உண்டானால் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 1/24இல் தொடங்கி ஏறி இறங்கிய கணக்கு அங்கே நின்றது. இனி எந்த இரத்தக் குழாயும் அதை நகர்த்தாது.

கணவர் அறிக்கையை இருமுறை படித்தார். “364இல் ஒன்று என்று சொன்னபோது நாங்கள் வீட்டுக்குப் போயிருந்தால்?” என்றார். போயிருந்தால் இந்தக் குழந்தை இதே போல நலமாகப் பிறந்திருக்கும். அடுத்த கருவின்போது யாரும் எதையும் சோதித்திருக்க மாட்டார்கள்.

கணவருக்கு ஒரு தங்கை உண்டு. மாமாவின் ஏடுகளில் ஒன்றும் அத்தையின் ஏடுகளில் ஒன்றும் அவருக்கும் வந்திருக்கின்றன. வெற்று ஏடு வந்திருக்கும் வாய்ப்பு பாதி. அவருக்குச் சொல்லும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். எழுத்தில் ஒரு குறிப்பு தரப்பட்டது, ஏனெனில் இத்தகைய செய்தியை வாய்மொழியாகச் சொன்னால் மூன்றாவது ஆளிடம் போகும்போது ‘மூன்று இருந்தால் கெடுதல்’ என்று திரிந்திருக்கும்.

கடைசியாக அந்தப் பெண் மூத்த மகளைப் பற்றிக் கேட்டார். சோதிக்க வேண்டாம், எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

தந்தையிடம் ஓர் இரட்டை ஏடும் ஒரு வெற்று ஏடும். தாயிடம் ஓர் ஒற்றை ஏடும் ஒரு வெற்று ஏடும். நான்கு சேர்க்கைகளில் வெற்றும் வெற்றும் அவளுக்கு இல்லை. அவள் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறாள். மீதி மூன்றில் இரட்டையும் ஒற்றையும் சேர்ந்தது ஒன்று. அப்போது அவள் கடத்தி இல்லை. மற்ற இரண்டிலும் கடத்தி.

“மூன்றில் இரண்டு” என்றார், யாரும் சொல்வதற்கு முன்பே. “நான் வந்த அன்று எனக்கு எழுதிய எண்.”

ஆமாம். ஒரே வேறுபாடு, அவளுக்கு உரிய அந்த இரண்டில் ஒன்று இரட்டையும் வெற்றும் சேர்ந்தது. இரத்தம் எடுத்தால் 2 என்றே வரும். கோப்பில் கடைசியாக எழுதப்பட்ட குறிப்பு அதைப் பற்றியது: மகள் வளர்ந்து பரிசோதனைக்குப் போகும் நாளில் தாய், தந்தை, தாத்தா, பாட்டி நால்வரின் அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும், அவளுடைய தாளைத் தனியாக வாசிக்கக் கூடாது.